ஏன் உதைக்கவில்லை என்று கேட்பவர்கள்

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு வெதுப்பகம் உண்டு. ஓய்வு பெற்ற நாள் முதலாக, காலையில் அங்கே சென்று புறொட்சன் எனப்படும் சிறு பாண்களை வாங்கி வருவது எனக்கு விதிக்கப்பட்ட கடமை. அங்கே விற்பனைக்கு நிற்கும் அம்மையார் பல்லாண்டுகளாக என்னோடு வணக்கம், விலை, நன்றி என்பவற்றுக்கு அப்பால் ஒரு சொல்லும் பேசியவர் அல்லர். சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை அவர் பாண் பையை என் கையில் தராமல் சற்றே இழுத்துப் பிடித்துக்கொண்டு, உங்கள் மகன் ஏன் பந்தை உதைக்கவில்லை என்று கேட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இருவர் மறுமொழியைக் கேட்பதற்காகக் கழுத்தை நீட்டினர். இந்த நாட்டுக்கு வந்து நாற்பது ஆண்டுகள் நெருங்குகின்றன. நான் ஏன் வந்தேன், எந்த வழியாக வந்தேன், யாரை விட்டு வந்தேன் என்று இங்குள்ள எவரும் தாமாக ஆவல்கொண்டு என்னிடம் கேட்டதில்லை. உத்தியோகத்தர்கள் கேட்டார்கள், அது அவர்களுடைய தொழில். உண்மையான ஆர்வத்தோடு ஓர் அந்நியர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, என் மகன் ஒரு தோற்பந்தை உதைக்காமல் விட்டதைப் பற்றியதாக இருந்தது.

ஊரிலிருந்து இதை வாசிப்போருக்கு விளக்கம் கூறுவது என் கடன். என் மகன் குகன் இங்கே பிறந்தவன். தொழிற்சாலை ஒன்றில் மின்வேலை செய்பவன். மாலைகளிலும் வார இறுதிகளிலும் தொடருந்துப் பாதைக்குப் பின்னாலுள்ள மைதானத்தில், ஊதியம் எதுவுமின்றி, அமெரிக்கக் கால்பந்து விளையாடும் கழகம் ஒன்றின் தலைமைப் பயிற்றுநனாக இருந்தான். அந்த விளையாட்டைக் கண்டு நான் அதிசயித்தேன் என்று எவரும் எண்ண வேண்டாம். தலையில் சட்டியும் தோளில் பலகையும் அணிந்த ஆடவர்கள் ஒருவரோடொருவர் முட்டி விழுந்து, எழுந்து, ஏதோ பெருங்காரியம் முடிந்ததுபோல் நின்று ஆலோசனை செய்து, மீண்டும் முட்டி விழுகின்ற ஒரு மூடத்தனம் அது. குறித்த தூரம் பந்தை முன்னே கொண்டுபோவதற்கு நான்கு முயற்சிகள் தரப்படும். மூன்றில் முடியாவிட்டால் நான்காவதில் பயிற்றுநன் ஒரு முடிவெடுக்க வேண்டும்: கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து மூன்று புள்ளிகளைப் பெற்றுக்கொள்வதா, அல்லது துணிந்து இன்னொரு முறை ஓடுவதா. ஓடித் தோற்றால் பந்து எதிரிக்குப் போய்விடும். அவ்வளவுதான் இதிலுள்ள ஞானம்.

பருவத்தின் கடைசி ஆட்டத்தில் குகனின் அணி மூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்தது. நேரம் முடிந்துகொண்டிருந்தது. எல்லைக்கோட்டுக்கு ஏறக்குறைய இரண்டு முழம். நான்காவது முயற்சி. உதைத்தால் சமநிலை, அதன் பின் மேலதிக நேரம். ஓடிக் கடந்தால் ஆறு புள்ளிகள், வெற்றி, மேல் வகுப்பு அணிகளோடு ஆடும் உயர்வு. குகன் ஓடும்படி சைகை காட்டினான். பிள்ளைகள் குவியலாக விழுந்தார்கள். குவியலைக் கலைத்துப் பார்த்தபோது பந்து கோட்டுக்கு ஒரு சாண் இப்பால் கிடந்தது.

இந்த விளையாட்டை மதியாத நான் மைதானத்துக்குப் போவதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆட்டத்தின் இடைவேளையில் குகன் வாயைத் திறந்தால், அவனிலும் தலை உயர்ந்த ஜேர்மன் இளைஞர்கள் தலைச்சட்டிகளைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் அசையாது நின்று கேட்பார்கள். நான் உணவகத்தின் பின்கட்டிலும், பின்னர் உலோகப் பட்டறையிலும் பிறர் சொல் கேட்டு நடந்து முதுமை அடைந்தவன். என் சொல்லைக் கேட்டு ஒரு வாளியைத்தானும் நகர்த்திவைத்த ஜேர்மனியன் இல்லை. குடையின் கீழ் நின்று அந்தக் காட்சியைக் காண்பதற்காக, அதைச் சூழ்ந்த மூடத்தனம் முழுவதையும் நான் பொறுத்துக்கொண்டேன்.

தோல்விக்குப் பின் விசாரணை தொடங்கிற்று. அதன் நீதிமன்றம் கழகத்தின் கட்டடம். அமர்வு ஞாயிறு மாலை ஏழு மணிக்கு. அமெரிக்காவில் பணத்துக்காக ஆடும் பெரிய அணிகளின் ஆட்டங்கள் அந்நேரத்தில் இங்கே தொலைக்காட்சியில் வரும். உறுப்பினர்கள் பியரும் உருளைக்கிழங்குச் சலாதுமாகச் சுவரளவு திரையின் முன் குந்துவார்கள். இவர்களுள் தலையாயவர் டிர்க் என்பவர், தபாற்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தாம் ஒருபோதும் காலடி வைக்காத அமெரிக்க நகரம் ஒன்றின் பச்சைச் சட்டையை அணிந்துகொண்டு, போன கிழமை நாங்கள் வென்றோம், இந்தக் கிழமை எங்களுக்கு அநியாயம் நடந்தது என்று பேசுவார். நான் பிறந்த ஊரைப் பற்றி நாங்கள் என்று சொன்னால், ஊரிலுள்ளவர்கள் விட்டுப்போனவருக்கு என்ன நாங்கள் என்று முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே அந்தச் சொல்லை எடுத்தால் இவர்கள் பார்ப்பார்கள். கதிரையை விட்டு எழாமலே ஒரு மனிதர் பெருங்கடலுக்கு அப்பாலுள்ள நகரமொன்றைத் தமதாக்கிக்கொண்டார், அவரைக் கேட்பாரில்லை.

அவர்களுடைய தர்க்கத்தின் தரத்தைக் கேளுங்கள். ஒரு ஞாயிறு டிர்க்கின் பச்சை அணியின் பயிற்றுநர் நான்காவது முயற்சியில் உதைக்காது ஓடும்படி பணித்தார். ஓட்டம் பலித்தது. அவர் ஒரு மேதை என்றார் டிர்க்; அப்படிப்பட்ட நெஞ்சுரம் வேண்டும் என்று மேசையில் தட்டினார். அடுத்த ஞாயிறு அதே மனிதர், அதே தூரத்தில், அதே முடிவை எடுத்தார். ஓட்டக்காரன் சறுக்கினான். அந்த மேதை ஒரு கிழமைக்குள் கழுதையாகிவிட்டார். அவரை விமானத்திலேற்றி எங்காவது அனுப்பிவிட வேண்டும் என்றார் அதே டிர்க், அதே மேசையில் தட்டி. பிறகு திரும்பி, மூலையில் இருந்த குகனைப் பார்த்து, உனக்கும் இதைத்தான் சொன்னோம் என்றார். ஒரு கிழமைக்கு முன் என்ன சொன்னார் என்பதை அந்த மண்டபத்தில் ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. என்ன நடந்தது என்று தெரிந்த பின்னர் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்வதை இவர்கள் அறிவு என்று அழைக்கிறார்கள்.

நம்மவர்கள் மேலானவர்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். பலசரக்குக் கடை வைத்திருக்கும் யோகன், அந்தப் பந்து வட்டமா நீளமா என்றும் அறியாதவன். கறிவேப்பிலை வாங்கப் போன என்னை மறித்து வைத்துக்கொண்டான்.

"அண்ணை, தம்பி உதைச்சிருந்தால் சும்மா மூண்டு பொயின்ற் வந்திருக்குமாமே. ஏன் உதைக்கேல்லை?"

"உமக்கு ஆர் சொன்னது?"

"சனம் கதைக்குதண்ணை. எங்கட பிள்ளையளுக்கு எப்பவும் இந்த அவசரம்தான். வெள்ளையன்ர விளையாட்டு, வெள்ளையன் சொல்லுற மாதிரி விளையாடிப்போட்டு வரவேண்டியதுதானே. தம்பிக்கு ஏன் தேவையில்லாத வேலை?"

கறிவேப்பிலையை அவனுடைய தராசிலேயே வைத்துவிட்டு வந்தேன். அன்றிரவு கறிக்கு வாசனை இல்லை என்று என் மனைவி குறைப்பட்டதை நான் பொருட்படுத்தவில்லை.

என் சினத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. எண்பதுகளில் நான் பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடிய தனியார் பேருந்து ஒன்றில் நடத்துநனாக இருந்தேன். சாரதி சின்னத்துரை அண்ணை. இராணுவம் எந்த வீதியில் நிற்கும் என்பது காலையில் ஒன்று, மத்தியானத்தில் இன்னொன்று. கரையோர வீதியா, உள்வீதியா என்பதை ஒவ்வொரு பயணத்திலும் சந்தியில் வண்டியை நிறுத்தி, எதிரே வருவோரிடம் விசாரித்து, அவர்தான் தீர்மானிப்பார். ஒரு நாள் உள்வீதியால் விட்டார். கரையோர வீதியில் வந்த வண்டியை மறித்து ஆட்களை இறக்கினார்கள் என்ற செய்தி பின்னேரம் வந்தது. எங்கள் பேருந்தில் வந்தவர்கள் அவருக்குத் தேநீரும் வாய்ப்பனும் வாங்கிக் கொடுத்து, தெய்வம் என்றார்கள். அடுத்த மாதத்தில் ஒரு நாள் அதே சந்தி, அதே விசாரிப்பு, உள்வீதியால்தான் விட்டார். வளைவு ஒன்றைத் தாண்டியதும் மறித்தார்கள். இரண்டு இளைஞர்களை இறக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. மறுநாள் நெல்லியடிச் சந்தையில் நின்ற அத்தனை பேருக்கும், கரையோர வீதியால் போயிருக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. மீன் விற்றவருக்குத் தெரிந்திருந்தது. தேநீர் வாங்கிக் கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தது. சின்னத்துரை அண்ணை எவரோடும் வாதாடவில்லை. "அந்த நேரம் எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னார். அதன் பின் அவர் சாரதி ஆசனத்தில் ஏறவில்லை. ஒரு பந்தையும் இரண்டு உயிர்களையும் ஒப்பிடுவதாக என்னைக் குற்றம் சாட்ட வேண்டாம். நான் ஒப்பிடுவது சந்தையில் நின்ற வாய்களையும் கழகத்தில் குந்திய வாய்களையும். அவை ஒரே வாய்கள்.

குளிர்காலம் தொடங்கியபோது, குகனைத் தலைமைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று டிர்க் ஒரு பிரேரணை எழுதிக் கொடுத்தார். பயிற்றுநரை வைப்பதும் நீக்குவதும் நிர்வாகத்தின் அதிகாரம். ஆனால் தலைவர் கெர்லாக் என்பவர், அந்தப் பொறுப்பைத் தம் தலையில் ஏற்க விரும்பாமல், வருடாந்தப் பொதுக்கூட்டம் முடிவு செய்யட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார். துணிந்து ஒரு முடிவெடுத்தவனை விசாரிப்பதற்கு, ஒரு முடிவும் எடுக்க மாட்டாதவர் தலைமை தாங்கினார். நாங்கள் தலைவரோடு பேசிப் பார்ப்போமா என்று குகனிடம் கேட்டேன்.

"அப்பா, நீங்கள் இதுக்குள்ள வராதேங்கோ. அது ஃபெறைன் விசயம்."

"உதைச்சிருக்கலாம், பிழை விட்டிட்டன் எண்டு ஒரு வார்த்தை சொன்னால் விட்டிடுவாங்களாமே."

"திருப்பி அந்த இடம் வந்தாலும் ஓடத்தான் சொல்லுவன். அதை மாத்திச் சொல்லிப்போட்டு இருக்கிறதிலும் பார்க்கப் போறது நல்லது."

ஃபெறைன் என்பது இங்கே கழகத்துக்குப் பெயர். அவன் வர வேண்டாம் என்றான். ஆனால் நான் தகப்பன். எங்கள் பகுதியில் ஒரு சபை கூடி ஒருவனைப் பற்றித் தீர்மானிக்க இருக்கும்போது, அவன் வீட்டுப் பெரியவர் சபைத் தலைவரின் வீட்டுக்கு முற்கூட்டியே ஒரு தட்டத்தோடு போவது வழக்கம். அது கைக்கூலி அன்று. எங்கள் பிள்ளையை உங்கள் பிள்ளையாக எண்ணிப் பேசுங்கள் என்பதே அதன் பொருள். வந்த காரியத்தை வந்தவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. தட்டத்தை வாங்கியவர், தம்பியின் விடயந்தானே, யோசிக்காதையுங்கோ என்று தாமே எடுப்பார். மனைவி பருத்தித்துறை வடை சுட்டாள்; தட்டையாக, மொறுமொறுப்பாக, பல நாள் கெடாமல் இருக்கக்கூடியது. எங்கள் கலியாணத்துப் பித்தளைத் தட்டத்தில் வெற்றிலை பரப்பி, வடையையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் வைத்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கெர்லாக்கின் வீட்டு மணியை அடித்தேன். முன்கூட்டி டெர்மின் எனப்படும் சந்திப்பு நேரம் பெறாமல் வந்து நிற்கும் என்னைக் கண்டு அவர் திகைத்தார். தட்டத்தை இரு கைகளாலும் நீட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. மனைவியை அழைத்துக் காட்டினார். வரவேற்பறையில் இருந்தோம். மழையைப் பற்றிப் பேசினார். தோட்டத்து ரோசாவுக்கு வந்த நோயைப் பற்றிப் பேசினார். அவர் காரியத்தை எடுப்பார் எடுப்பார் என்று நான் காத்திருந்தேன். நான் எதற்காக இன்னும் போகாமல் இருக்கிறேன் என்று அவர் காத்திருந்தார் என்பது பின்னர்தான் விளங்கியது. கோப்பி முடிந்ததும் எழுந்தேன். வாசலில் அவர் என் கையை நெடுநேரம் குலுக்கினார். அந்தக் குலுக்கலை நான் ஒரு வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டு வீடு வந்தேன்.

பொதுக்கூட்டத்துக்கு என்னையும் பார்வையாளனாக இருக்க அனுமதித்தார்கள். மண்டபத்தின் பின்புறத்தில் நீள மேசை ஒன்று. கேக்குகள், பிறெற்சல் என்னும் முறுக்குப் பாண்கள், நடுவில் என் தட்டம். வெற்றிலையை அலங்கார இலை என்று எண்ணி அழகாக விரித்து வைத்திருந்தார்கள். வடைக்கு முன்னால் விலை எழுதிய அட்டை, பக்கத்தில் காசு போடும் பெட்டி. இந்த நாட்டுக் கழகங்களில் உறுப்பினரின் குடும்பத்தார் கேக் செய்து கொடுப்பதும், அதை விற்றுக் கழகத்துக்குப் பணம் சேர்ப்பதும் வழக்கமாம். கெர்லாக் எழுந்து, குகனின் தந்தையார் அருமையான பலகாரத்தை நன்கொடையாகத் தந்தார் என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினர். நான் எழுந்து தலை குனிய வேண்டியதாயிற்று. என் தட்டம் வாய் திறந்து சொல்ல வந்ததை, ஒரு விலை அட்டையால் மூடிவிட்டார்கள்.

டிர்க் பேசினார். சென்ற ஞாயிறுகளில் அமெரிக்காவில் யார் உதைத்தார், யார் உதைக்கவில்லை, எவருக்கு என்ன பலன் என்று ஆதாரங்களை அடுக்கினார். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் யாரோ சறுக்கியதற்கு என் மகன் பொறுப்பாளியானான். குகனை அழைத்தபோது, என் பிள்ளைகள் அந்த இரண்டு முழத்தைக் கடப்பார்கள் என்று நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன் என்ற அளவில் முடித்துக்கொண்டான். பின்பு கையுயர்த்தும்படி கெர்லாக் கேட்டார். பிரேரணைக்கு ஆதரவாகக் கைகள் எழுந்தன. நான் கைகளை எண்ணவில்லை. நான் பார்த்தது மற்றக் கைகளை. ஒரு கை மேலே, மறு கையில் வடை. டிர்க் கடித்த வடையை மென்றபடியே கை உயர்த்தினார். எங்கள் ஊரிலும் எனக்கு எதிராகக் கை உயர்த்துவார்கள். ஆனால் என் பலகாரத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்த பிறகு உயர்த்துவார்கள். இவர்களுக்கு அந்தக் கூச்சம் தேவைப்படவில்லை. பெட்டிக்குள் நாணயத்தைப் போட்டுவிட்டார்கள். அதோடு கடமை தீர்ந்தது. கெர்லாக் மட்டும் எந்தப் பக்கமும் கை உயர்த்தாமல் தம் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். குகன் பதவி இழந்தான். அடுத்த விடயம் மைதானத்துப் புல் வெட்டுதல்.

கூட்டம் முடிந்ததும் குகன் கதிரைகளை அடுக்க உதவினான். புதிய பயிற்றுநருக்குக் கீழே உதவியாளனாக இருப்பாயா என்று கெர்லாக் கேட்க, ஓம், இருப்பேன் என்றானாம். வீட்டில் நான் அவனோடு சில நாட்கள் பேசவில்லை. பேசியவள் என் மனைவி, அதுவும் என்னோடு.

"இஞ்சருங்கோ, தட்டத்தை அங்கை விட்டிட்டு வந்திட்டியளே. அது எங்கட கலியாணத் தட்டமெல்லே."

ஆகவே ஒரு ஞாயிறு மாலை, இனி மிதிப்பதில்லை என்று தீர்மானித்திருந்த அந்தக் கழகத்துக்குத் தட்டம் எடுக்கப் போனேன். திரையில் டிர்க்கின் பச்சை அணி ஆடிக்கொண்டிருந்தது. குகன் மூலையில் இல்லை. நடு வாங்குப் பலகையில், டிர்க்குக்குப் பக்கத்தில் இருந்தான். கெர்லாக்கின் மனைவி என்னைக் கண்டதும் சமையலறைக்குள் ஓடிப்போய், சற்று நேரத்தில் துலக்கிய தட்டத்தைக் கொண்டுவந்து என் இரு கைகளிலும் வைத்தார். அது வெறுமையாக இல்லை. தட்டம் நிறைய அப்பிள் கேக், இன்னும் சூடு ஆறாமல், துணியால் மூடப்பட்டிருந்தது. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதை இந்த அம்மையாருக்கு யார் சொன்னார்கள்? அல்லது அன்றைய மேசைக்குச் சுட்டதில் மிஞ்சியதை வைத்தாரா? அவர் மீது ஏதேனும் கசப்பான சொல் சொல்ல வேண்டும் என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

அந்நேரம் பியர்க் குவளைகள் மேசைக்கு இறங்கின. திரையில் நான்காவது முயற்சி, எல்லைக்கோடு அருகில், மூன்று புள்ளிகள் பின்னே. பச்சை அணியின் பயிற்றுநர் வாயைக் கையால் மறைத்து ஏதோ கூறினார். ஓடச் சொல்லிவிட்டார். வாங்குகளிலிருந்து எல்லாரும் எழுந்தார்கள். வாசலில் நின்ற எனக்கும் குதிக்கால் உயர்ந்ததை நான் மறைக்கப் போவதில்லை. குவியல் விழுந்தது. குவியல் கலைந்தது. பந்து கோட்டுக்கு இப்பால் கிடந்தது. அத்தனை தொண்டைகளும் ஒன்றாகக் கத்தின. அவற்றுள் உரத்த குரலை எனக்குத் தெரியும். ஏன் உதைக்கவில்லை, இந்த மடையன் ஏன் உதைக்கவில்லை என்று, பிழையற்ற ஜேர்மன் மொழியில், கைகளை விரித்துக் கேட்டவன் என் மகன். டிர்க் அவன் தோளில் அறைந்து சிரித்தார். குகனும் சிரித்தான். பச்சை அணியைக் காட்டி, நாங்கள் தோற்றுவிட்டோம் என்றார் டிர்க். ஓம், தோற்றுவிட்டோம் என்றான் குகன்.

அப்போதுதான் அவன் என்னைக் கண்டான். "அப்பா, வாங்கோ, இதிலை இருங்கோ" என்று தமிழில் அழைத்தான். டிர்க் தம் பெரிய உடலை ஒரு பக்கம் ஒதுக்கி எனக்கு இடம் விட்டார். பிறகு எழுந்து வந்து, வடைக்கு நன்றி கூறி, கை குலுக்குவதற்காகத் தம் கையை நீட்டினார். அந்தக் கையைப் பற்றவும் எனக்கு விருப்பம் இல்லை, தட்டிவிடவும் இயலவில்லை. எங்கள் கலியாணத் தட்டத்தில் அவர்களுடைய கேக் கனத்தது. அதைத் தாங்க இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. நீட்டிய கை எதிரே நிற்க, ஒதுக்கிய இடம் அப்பால் கிடக்க, கொடுப்பதற்கு ஒரு கை இன்றி நான் வாசலிலேயே நின்றேன்.